இன்சுலின் சுரப்பை அளக்கும் சோதனை: சீட்டு வாங்கிய நாளிலிருந்து ரிசல்ட் படிக்கும் நாள் வரை

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும், சாப்பிட்ட பின் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் பழகிப்போன சோதனைகள். ஒரு நாள் டாக்டர் சீட்டில் 'சி-பெப்டைடு' என்றோ 'ஃபாஸ்டிங் இன்சுலின்' என்றோ எழுதிக் கொடுக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ராமநாதபுரத்தில் இரத்தம் எடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தொண்டியிலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் பாம்பனிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறவர்களில், இந்த ஒரு சோதனைக்காக இரண்டாம் முறையும் அலைய நேர்ந்தவர்கள் நிறையப் பேர். எப்படி வர வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

மண்டபம் பக்கத்திலிருந்து வந்த, பாசி எடுக்கும் வேலை செய்கிற ஓர் அக்காவை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு வேளை இன்சுலின் ஊசி போடுகிறவர். காலை ஏழரை மணிக்கு வந்து உட்கார்ந்தார். ஊசி குத்தக் கையைப் பிடித்தபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது, விரல்கள் இலேசாக நடுங்கின. "ராத்திரி சாப்பிட்டா சுகர் ஏறிப்போகும்னு வெறும் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்தேன் தம்பி. ஊசிய மட்டும் விடல, போட்டுக்கிட்டேன்" என்றார். இரத்தம் எடுத்த கையோடு விரல் நுனியில் குத்திப் பார்த்தேன்; சர்க்கரை 58. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் படுக்க வைத்தேன், தெளிந்துவிட்டார். ஆனால் அந்த 58-ஐச் சாம்பிளோடு போகும் படிவத்தில் நான் எழுதவில்லை. நான்கு நாள் கழித்து சி-பெப்டைடு 0.3 என்று மட்டும் ரிசல்ட் வந்தது. அதை வேறொரு இடத்தில் காட்டியபோது, கணையம் செத்துப்போய்விட்டது, இனி நாலு வேளை ஊசிதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த முடிவு ஏன் தவறு என்பது இந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் தானே விளங்கும்.

அளப்பது எதை?

கணையத்திலுள்ள பீட்டா செல்கள் இன்சுலினை நேரடியாகத் தயாரிப்பதில்லை. 86 அமினோ அமிலங்கள் கோத்த புரோஇன்சுலின் என்ற நீண்ட சங்கிலியைத்தான் முதலில் செய்கின்றன. அந்தச் சங்கிலி வெட்டுப்படும்போது 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் ஒரு பக்கமும், 31 கொண்ட சி-பெப்டைடு மறு பக்கமும் பிரிகின்றன. மீதி நான்கு வெட்டும் இடங்களில் உதிர்ந்துபோகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் டொனால்டு ஸ்டைனர் 1967-இல் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்புதான் இன்றைய சோதனைக்கு அடிப்படை. ஓர் இன்சுலின் பிறந்தால் ஒரு சி-பெப்டைடும் கூடவே பிறந்தாக வேண்டும்.

இறால் உரிக்கும் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உரித்த சதை உடனே ஐஸ் பெட்டிக்குப் போய் வண்டியேறிவிடும். தலைகள் மட்டும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். தலையை எண்ணினால் அன்றைக்கு அங்கே எத்தனை இறால் உரித்தார்கள் என்று தெரிந்துவிடும். வெளியிலிருந்து யாராவது உரித்த இறாலைக் கொண்டுவந்து சேர்த்தாலும் தலைக் கணக்கு மாறாது. சி-பெப்டைடு அந்தத் தலைதான். கணையம் விடும் இன்சுலினில் ஏறத்தாழப் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறது; மீதியும் இரத்தத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. சி-பெப்டைடைக் கல்லீரல் தொடுவதில்லை. அது பாதியாவதற்கு அரை மணி நேரம் வரை ஆகும். நாம் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்திலோ சி-பெப்டைடு கிடையாது. ஆகவே ஊசி போடுகிறவரிடமும், அவருடைய சொந்தக் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்பதைத் தனியாகப் பிரித்துக் காட்டக்கூடியது இது ஒன்றுதான்.

ஊசி போடுகிறவருக்கு நேரடி இன்சுலின் அளவு ஏன் பயன்படாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கி 1960-இல் விரிவாக வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களின் உடலில் இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உண்டாகின்றன என்று கவனித்ததிலிருந்துதான் அந்த முறையே பிறந்தது. அதே ஆன்டிபாடிகள் இன்றும் நோயாளியின் இரத்தத்தில் இருந்து அளவைக் குழப்புகின்றன. போதாததற்கு, ஊசியில் போன இன்சுலினும் கணக்கில் கலந்துவிடுகிறது. ஊசி போடுகிறவரின் சீட்டில் ஃபாஸ்டிங் இன்சுலின் எழுதியிருந்தால், சி-பெப்டைடுதான் வேண்டுமோ என்று எழுதிக் கொடுத்தவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

உங்களுக்கு இது தேவைதானா?

நாற்பது ஐம்பது வயதில், உடல் எடையும் குடும்பத்தில் சர்க்கரையும் உள்ளவருக்கு, மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கும் நோய்க்கு இந்தச் சோதனை வேண்டியதில்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் ஃபாஸ்டிங் இன்சுலினையும் ஹோமா-ஐஆர் என்ற கணக்கையும் சேர்த்து விற்கிறார்கள். வெறும் வயிற்று இன்சுலினையும் சர்க்கரையையும் பெருக்கி 405-ஆல் வகுப்பதுதான் அந்தக் கணக்கு. இன்சுலின் 15, சர்க்கரை 108 என்றால் 4 வரும். உடல் இன்சுலினுக்கு எவ்வளவு மசியாமல் இருக்கிறது என்பதற்கு அது ஓர் உத்தேசக் குறி. ஊரைக் கூட்டி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது நன்கு பயன்படும். தனி ஒருவருக்கு அதைப் பார்த்து மருந்து மாற்றுவது அரிது. அந்தக் காசுக்கு ஹெச்பிஏ1சி-யும் சிறுநீர் ஆல்புமினும் பார்ப்பது மேல் என்பது என் எண்ணம்.

சி-பெப்டைடு உண்மையாகவே வழிகாட்டும் இடங்கள் வேறு. ஒல்லியான ஒருவருக்கு முப்பது வயதில் சர்க்கரை வந்து, மாத்திரைக்கு இறங்காமல், எடை மட்டும் குறைந்துகொண்டே போகும்போது அது கணையத்தின் சுரப்பே அற்றுப்போகும் டைப் 1-ஆ, சுரந்தும் உடலுக்குப் போதாமல் போகும் டைப் 2-ஆ என்று பிரிக்க வேண்டியிருக்கும். பல வருடமாக ஊசி போடுகிறவருக்கு ஊசியைக் குறைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையிலும் இளம் வயதிலேயே சர்க்கரை வந்த வீடுகளில், மோடி எனப்படும் மரபணு வகையாக இருக்கலாமா என்று சந்தேகம் எழும். நம் தென்னிந்தியப் பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது: கணையத்தில் கல் விழுந்து, வயிற்று வலியும் மலத்தில் எண்ணெய்ப் பசையுமாகத் தொடங்கிப் பின்னால் சர்க்கரையாக மாறுவது. வயிற்று எக்ஸ்ரேயிலேயே அந்தக் கற்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும். இவர்களுக்கு சி-பெப்டைடு குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் டைப் 1 நோயாளியைப் போலச் சட்டென்று இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி விழுந்துவிடுவதில்லை.

நாள் குறிப்பது

எந்த நாளில் இரத்தம் கொடுப்பது என்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. காய்ச்சலிலோ, காலில் சீழ் வைத்திருக்கும்போதோ, சர்க்கரை 400, 500 என்று ஏறி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த உடனேயோ இதைச் செய்யக் கூடாது. நெடுநாள் ஏறிக் கிடந்த சர்க்கரையே பீட்டா செல்களை மயங்க வைத்துவிடும். அந்த நேரத்தில் எடுத்தால் கணையத்தின் உண்மையான திறனைவிடக் குறைத்துக் காட்டும். கீட்டோன் ஏறிய நெருக்கடிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரமாவது கழிய வேண்டும். சர்க்கரை ஓரளவு இறங்கி நிலைத்த பிறகு எடுத்தால் இன்னும் நல்லது.

கடலுக்குப் போகிறவர்கள் தொழில் நாளைப் பார்த்துத் தேதி வைத்துக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் வலை இழுத்து, விடியும் நேரத்தில் படகிலேயே சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கரையேறுகிறவருக்கு அன்று வெறும் வயிறு என்று ஒன்று கிடையாது. தூக்கமில்லாத அலுப்பும் சர்க்கரையை ஏற்றிக் காட்டும். கடலுக்குப் போகாத நாளின் மறுநாள் காலைதான் சரி. விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வசதியான நேரம். வீட்டுச் சாப்பாடும் ஒழுங்கான தூக்கமும் அமைவது அப்போதுதான். வெயிலில் சாம்பிள் கெட்டுப்போகும் அபாயம் மட்டும் அந்த மாதங்களில் கூடுதல். அதற்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்தில் நோன்பு வைக்கிறவர்கள் ரமலானுக்கு முன்போ பெருநாள் முடிந்து ஓரிரு வாரம் கழித்தோ இதை வைத்துக்கொள்வது நல்லது. சஹர், இஃப்தார் என்று சாப்பாட்டு நேரமே மாறிவிடும் மாதத்தில் வருகிற எண்ணை மற்ற மாதங்களோடு ஒப்பிட முடியாது. தள்ளிப்போட முடியாத நிலை என்றால், சஹர் முடிந்து எட்டு மணி நேரம் கழித்து, அதாவது நண்பகல் தாண்டி, இரத்தம் கொடுக்கலாம். சோதனைக்கு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்றே பலரும் சொல்கிறார்கள். ஐயமிருந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பை அப்போதே விட்டுவிட வேண்டும் என்பதில் மட்டும் தயக்கம் வேண்டாம்.

தேதி குறித்தவுடன், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் மாத்திரை, வெளியில் வாங்கும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாமே அந்தப் பையில் இருக்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைப்பவை; அவற்றின் வேகத்தில் சி-பெப்டைடும் கூடித் தெரியும். அவற்றை எப்போது நிறுத்துவது, நிறுத்த வேண்டுமா என்பதே டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. இன்னொரு மாத்திரையை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை: முடி கொட்டுவதற்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின். பல லேப் கருவிகளில் சோதனை இரசாயனமே பயோட்டினை வைத்து வேலை செய்வதால், 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று அதைச் சாப்பிடுகிறவருக்கு சி-பெப்டைடும் இன்சுலினும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, நிறுத்திய விவரத்தையும் லேபில் சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்குள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்திருந்தால் அந்த ரிசல்ட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சி-பெப்டைடை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம் என்பதால், அது பழுதுபட்டவருக்கு எண் கூடுதலாகவே நிற்கும்.

முந்தைய இரவும் அன்று காலையும்

இரவுச் சாப்பாட்டை வழக்கம் போலச் சாப்பிடுங்கள். சோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடப்பதும், சர்க்கரையை நல்லதாகக் காட்ட வேண்டும் என்று அரை வயிறு சாப்பிடுவதும் இந்தச் சோதனையில் எதிர் விளைவையே தரும். எட்டரை மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் காலை ஏழு மணிக்குப் பத்தரை மணி நேரம் ஆகிவிடும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேர இடைவெளி போதுமானது, அதற்கு மேல் இழுக்க வேண்டாம். தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். கடுங்காப்பி கூடாது, கருப்பட்டி போட்டதானாலும் கூடாது. பங்குனி, சித்திரையில் பஸ் நிறுத்தத்துக்கு வரும் வழியில் பதநீர் விற்பார்கள். அது இயற்கையானது என்பதால் கணக்கில் சேராது என்று நினைத்துக் குடித்துவிட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெற்றிலை, புகையிலை, பீடி எல்லாம் இரத்தம் கொடுத்த பிறகுதான்.

இன்சுலின் ஊசியைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலினை, சோதனை என்பதற்காக நீங்களாக நிறுத்தவே கூடாது. டைப் 1 நோயாளி அப்படி ஒரு வேளை விட்டாலே கீட்டோன் ஏறி ஆபத்தில் முடியலாம். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியையும் காலை மாத்திரையையும் பொதுவாக இரத்தம் கொடுத்த பிறகு, சாப்பிடும் நேரத்துக்குத் தள்ளிவைப்பார்கள். இரவு நேரக் கலவை இன்சுலின் போடுகிறவர் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை விடுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் அளவு. தனுஷ்கோடிப் பக்கமிருந்து வந்தால் இன்னும் தூரம். வெறும் வயிற்றோடு அவ்வளவு நேரம் பஸ்ஸில் வருகிறவர் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ சர்க்கரையோ, இரத்தம் கொடுத்த பின் சாப்பிட இட்லியோ வைத்திருக்க வேண்டும். வழியில் வியர்த்துக்கொட்டி, படபடத்து, கண் இருட்டினால் சோதனையை மறந்துவிட்டு இனிப்பைச் சாப்பிடுங்கள். இன்னொரு நாள் வந்துகொள்ளலாம். கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: நேற்றிரவு எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், கடைசி ஊசி எப்போது எத்தனை யூனிட், கடைசி மாத்திரை என்ன, நடுவே தாழ்சர்க்கரை வந்ததா, எத்தனை வருடமாகச் சர்க்கரை.

லேபில் கேட்க வேண்டியவை

சி-பெப்டைடுக்கு இரத்தம் எடுக்கும் அதே குத்தில் சர்க்கரைக்கும் எடுக்கச் சொல்லுங்கள். சீட்டில் எழுதாவிட்டாலும் காசு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள், அதிகம் ஆகாது. சாம்பல் நிற மூடிக் குழாய் சர்க்கரைக்கு. சிவப்பு, மஞ்சள் அல்லது ஊதா மூடிக் குழாய் சி-பெப்டைடுக்கு. இரண்டு குழாயிலும் ஒரே நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி, சாம்பிள் எங்கே போகிறது, எப்போது போகிறது என்பது. இந்தச் சோதனைக்கான சாம்பிள்கள் நம் பக்கத்திலிருந்து பெரும்பாலும் மதுரைக்கோ சென்னைக்கோ போகின்றன. மதுரை என்றாலே 110 கிலோமீட்டருக்கு மேல். ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தில் சி-பெப்டைடு அறை வெப்பத்தில் 24 மணி நேரம் தாங்கும் என்று இங்கிலாந்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய அறையும் அக்கினி நட்சத்திரத்தில் நம்முடைய அறையும் ஒன்றல்ல. சுழற்றிப் பிரித்த சீரத்தைக் குளிரில் வைத்து அனுப்புவதே பாதுகாப்பு. நேரடி இன்சுலின் சோதனை என்றால் இன்னும் கவனம் வேண்டும். குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும். பிடித்த மீனுக்கு ஐஸ் போடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊர் இது. ஆகவே, "பிரிச்சு ஐஸ்ல வச்சுத்தானே அனுப்புவீங்க?" என்று கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. வண்டி மாலையில்தான் கிளம்பும் என்றால், காலையிலேயே பிரித்து வைப்பார்களா என்றும் கேளுங்கள்.

சாப்பிட்ட பின் எடுக்கும் சாம்பிளும் சீட்டில் இருந்தால், முதல் வாய் எடுத்து வைத்த நேரத்திலிருந்து கணக்கு. முடித்த நேரத்திலிருந்து அல்ல. பெரும்பாலும் இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பார்கள். வழக்கமான காலைச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட வேண்டும். கணையத்தை வேலை வாங்கிப் பார்ப்பதுதான் இந்த இரண்டாவது சாம்பிளின் நோக்கம். ஓர் இட்லியோடு நிறுத்திவிட்டால் வேலையே கொடுக்காமல் கூலியை அளந்தது போலாகிவிடும். நடுவே தெருவில் உலாத்தாமல் உட்கார்ந்திருங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதையே முறைப்படுத்தி, உடல் எடைக்கு ஏற்ப அளந்த ஊட்டப் பானத்தை, அதிகபட்சம் 360 மில்லி, குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் வரை பலமுறை இரத்தம் எடுப்பார்கள். அல்லது குளுக்ககான் 1 மில்லிகிராம் நரம்பில் செலுத்தி ஆறாவது நிமிடம் எடுப்பார்கள். இரண்டாவதில் குமட்டல் வருவது சகஜம்.

ரிசல்ட்டைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். சில லேப்கள் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தரும், சில லேப்கள் லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று தரும். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு 331 பிகோமோலுக்குச் சமம். போன வருடம் 1.2 என்று இருந்தது இந்த வருடம் 400 என்று வந்தால் கணையம் பொங்கிவிட்டதாக அர்த்தமில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இனி நான் நானோகிராமிலேயே சொல்கிறேன்.

சாப்பிட்டு ஐந்து மணி நேரத்துக்குள் எடுத்த சாம்பிளில் 0.6-க்குக் கீழே இருந்தால் இன்சுலின் சுரப்பு மிகவும் குன்றிவிட்டது என்றும், டைப் 1 ஆக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் எடுத்துக்கொள்வார்கள். 1.8-க்கு மேல் இருந்தால் கணையம் இன்னும் நன்றாகவே சுரக்கிறது, டைப் 2 ஆகவே இருக்கலாம். நடுவில் விழுகிறவர்களுக்கு ஒரே சோதனையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. உடலே தன் பீட்டா செல்களைத் தாக்குகிறதா என்று காட்டும் ஜிஏடி போன்ற ஆன்டிபாடி சோதனையும், சில நேரம் ஓரிரு வருடம் கழித்து மறுபடி சி-பெப்டைடும் வேண்டியிருக்கும். டைப் 1 வந்த தொடக்க ஆண்டுகளில் மிச்சமிருக்கும் செல்கள் சுரந்துகொண்டிருப்பதால், எண் நன்றாக இருந்தும் நோய் டைப் 1 ஆக இருக்கலாம். நோய் வந்து மூன்று வருடம் தாண்டியவர்களிடம்தான் இந்த எல்லைகள் உறுதியாகப் பேசும். வெறும் வயிற்றில் எடுத்ததற்கு அச்சிட்ட எல்லை லேபுக்கு லேப் மாறும், ஆனால் 0.24-க்குக் கீழே போனால், கூடவே சர்க்கரை ஏறியும் இருந்தால், அது கடுமையான குறைவு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கூடவே சர்க்கரை ஏறியும் இருந்தால் என்ற அந்தச் சொற்களைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். சர்க்கரை இறங்கும்போது நல்ல கணையம் இன்சுலினை நிறுத்திக்கொள்ளும், நிறுத்தத்தான் வேண்டும். ஆகவே சர்க்கரை 60 இருக்கும்போது 0.4 என்பது நோயைக் காட்டவில்லை, கணையம் ஒழுங்காக அடங்கியிருப்பதைக் காட்டுகிறது. சர்க்கரை 260 இருக்கும்போது அதே 0.4 என்றால், கூப்பிட்டும் வர ஆளில்லை என்று பொருள். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தபோது எடுத்த குறைந்த எண்ணை வைத்து முடிவு செய்யாமல் மறுபடி எடுக்க வேண்டும். மறு பக்கம், கிரியாட்டினின் 3 உள்ள ஒருவருக்கு 5 என்று வந்தால் கணையம் கொழித்திருக்கிறது என்று சந்தோஷப்பட முடியாது. வெளியே போக வேண்டியது போகாமல் தேங்கியிருக்கிறது. இன்சுலினுக்கு மசியாத பருத்த உடலிலும் எண் உயர்ந்தே நிற்கும். அது கணையத்தின் வலிமை என்பதைவிடக் கணையத்தின் கூடுதல் உழைப்பு என்பதே சரி.

எண் உண்மையாகவே குறைவு என்று உறுதியானால் ஒன்றை உடனே கவனிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் இப்போது பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. சொந்த இன்சுலின் இல்லாதவர் அவற்றைச் சாப்பிட்டால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே கீட்டோன் ஏறிவிடும் ஆபத்து உண்டு. குளுக்கோமீட்டர் 180 காட்டும்போது வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் யாரும் சர்க்கரையைச் சந்தேகிக்க மாட்டார்கள். அந்த மாத்திரை உங்கள் பையில் இருந்தால், ரிசல்ட் வந்த அன்றே டாக்டரிடம் கேளுங்கள்.

எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஊசியை நீங்களாக நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. ஊசியைக் குறைத்து மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்பதற்கு அது ஓர் அனுமதிச் சீட்டு மட்டுமே. படிப்படியாக, வீட்டில் சர்க்கரை பார்த்துக்கொண்டே, டாக்டர் சொல்லச் சொல்லத்தான் குறைக்க வேண்டும்.

அந்தப் பாசி எடுக்கும் அக்காவை மறுபடி வரச் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேரன் கையெழுத்தில், கணக்கு நோட்டில் கிழித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார்: "ராத்திரி 8.15 மூணு இட்லி, சாம்பார். ஊசி 8 மணி, டாக்டர் சொன்ன அளவு. காலைல தண்ணி மட்டும்." அன்று வெறும் வயிற்றில் சர்க்கரை 146, சி-பெப்டைடு 1.1. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 218, சி-பெப்டைடு 2.4. டாக்டர் ஊசியை நிறுத்தவில்லை; இரவு அளவைக் குறைத்து, ஒரு மாத்திரை சேர்த்து, மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி-யோடு வரச் சொன்னார். பழைய 0.3 ரிசல்ட்டின் ஓரத்தில் 'அப்போது சர்க்கரை 58' என்று நானே எழுதி, பேரன் எழுதிய தாளையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.